ஆமணக்கில் சாம்பல் பூசணம்: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கலாமா?

ஆமணக்கு வறட்சியைத் தாங்கி வளரும் பயிர். சேலம், நாமக்கல், தருமபுரி, பெரம்பலூர் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களிலும், நிலக்கடலைக்கு இடையிலும், மரவள்ளித் தோட்டங்களின் ஓரத்திலும் இது பயிராகிறது. அதிகத் தண்ணீர் கேட்பதில்லை. அதிகச் செலவும் வைப்பதில்லை. ஆனால் கதிர் பூத்துக் காய் பிடிக்கும் சமயத்தில் நான்கைந்து நாட்கள் விடாமல் தூறல் போட்டால், இந்தப் பயிரையும் கெடுக்கக் கூடிய நோய் ஒன்று உண்டு. அதுவே சாம்பல் பூசண நோய். இன்று பச்சைப் பசேல் என்று நிற்கும் கதிர் ஒரு வாரத்தில் அழுகி, எலி நிறத்தில் பஞ்சு படர்ந்து, முத்து இல்லாத வெறும் கோதாகிவிடும்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. கார்பண்டசிம் என்ற பூசண மருந்து நெடுங்காலமாகச் சிபாரிசு செய்யப்பட்டு வருகிறது. சரியான சமயத்தில் தெளித்தால் நல்ல பலன் தரும். ஆனால் நோய் கண்ட போதெல்லாம் இதே மருந்தைத் தெளிப்பது, பலன் குறைந்தால் அளவைக் கூட்டுவது, பின்னர் கடையில் வேறு பெயருள்ள மருந்தை வாங்கித் தெளிப்பது என்ற பழக்கம் ஆபத்தானது. இதனால் கைக்காசு வீணாவது ஒரு பக்கம். நல்ல மருந்து ஒன்று நிரந்தரமாக வலுவிழந்து போவது மறு பக்கம். நோயைக் கட்டுப்படுத்தும் முறையையும், மருந்தின் வலுவைக் காப்பாற்றும் முறையையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயை அறிவது எப்படி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'சாம்பல் நோய்' என்று நாம் வழக்கமாகச் சொல்வது வேறு. அது இலையின் மேல் வெண்மையான மாவு தூவினாற்போல் காணப்படும். ஆமணக்கில் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் வரும். அதற்கு நனையும் கந்தகம் தெளிக்கிறோம். சாம்பல் பூசணத்துக்குக் கந்தகம் பயன்படாது. பெயரை மட்டும் சொல்லி மருந்து கேட்டால் கடைக்காரர் கந்தகத்தைக் கொடுத்துவிடக் கூடும். ஆகவே நோயுள்ள கதிரைக் காட்டியோ, அறிகுறிகளைச் சொல்லியோ கேட்க வேண்டும்.

சாம்பல் பூசணம் முக்கியமாகக் கதிரையே தாக்கும். முதலில் பூக்களின் மீதும் இளங்காய்களின் மீதும் நீலம் கலந்த சிறு புள்ளிகள் தோன்றும். சில இடங்களில் மஞ்சள் நிறத் துளி கசியும். பின்னர் அந்த இடங்களில் நூலாம்படை போன்ற இழைகள் படர்ந்து, சாம்பல் நிறப் பஞ்சாக மூடிக்கொள்ளும். கதிரைத் தட்டினால் புகை போல் தூள் பறக்கும். கதிரின் மேற்பகுதியில் உள்ள பெண் பூக்களும் பிஞ்சுகளும் எளிதில் பாதிக்கப்படும். பிஞ்சில் தாக்கினால் காய் அழுகி உதிரும். முற்றும் சமயத்தில் தாக்கினால் முத்து சுருங்கி, எடையும் எண்ணெயும் குறையும்.

பரவும் விதம்

தட்டினால் பறக்கும் அந்தத் தூள்தான் பூசண வித்து. காற்றிலும் மழைச் சாரலிலும் ஒரு கதிரிலிருந்து மறு கதிருக்குப் போகிறது. வித்து முளைக்க ஈரம் வேண்டும். வெயில் காயாத மூடுபனி, தூறல், 25 டிகிரி செல்சியஸ் அளவிலான இதமான குளிர்ச்சி ஆகியவை சேர்ந்தால் நோய் வேகமாகப் பரவும். சில நாட்களிலேயே ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை வித்துகள் பறக்கத் தொடங்கிவிடும்.

அறுவடைக்குப் பின் வயலில் விட்ட நோயுற்ற கதிர், உதிர்ந்த காய், தட்டை ஆகியவற்றில் இந்தப் பூசணம் கருமையான கடினமான சிறு கட்டிகளாகத் தங்கி, அடுத்த பருவம் வரை காத்திருக்கும். மழைக்காலத்தில் உயிர் பெற்று மீண்டும் புறப்படும்.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

மருந்தின் வேலையைப் பாதியாகக் குறைக்கக் கூடிய காரியங்கள் நம் கையிலேயே உள்ளன.

விதைக்கும் காலம்: ஆனி மாதத்தில் மழை கிடைத்து விதைத்த ஆமணக்கில், முதல் கதிர் ஏறக்குறைய 90 முதல் 100 நாட்களில் அறுவடைக்கு வரும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே முதல் கதிர் வீடு வந்து சேர்ந்துவிடும். ஆவணியில் விதைத்தால் கதிர் பூப்பதும் மழை பிடிப்பதும் ஒரே சமயத்தில் நேரும். மானாவாரியில் மழை வந்தால்தான் விதைக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் முன்மழை கிடைத்தால் அதைத் தவறவிடக் கூடாது.

இடைவெளி: நெருக்கி நட்டால் கதிர்களைச் சுற்றிக் காற்று ஓடாது, பனி ஈரம் நண்பகல் வரை காயாது. அந்தந்த இரகத்துக்குச் சொல்லப்பட்ட இடைவெளியைக் குறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பூக்கும் பயிரானால் தழைச்சத்தை அளவுக்கு மீறி இடக் கூடாது.

இரகம்: காய்கள் நெருக்கமாகச் செறிந்த கதிரில் ஈரம் தங்கும். காய்கள் சற்றே விலகித் தளர்ந்த கதிர் சீக்கிரம் உலரும். அடிக்கடி இந்நோய் வரும் பகுதியில் உள்ளவர்கள் விதை வாங்கும் போதே தளர்ந்த கதிருள்ள இரகமா என்று கேட்டு வாங்குவது நல்லது. நோய் கண்ட வயலிலிருந்து விதை எடுக்கவே கூடாது.

விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம். இதையும் கார்பண்டசிம் மருந்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. டிரைக்கோடெர்மா என்பதும் ஒரு பூசணமே. நமக்கு நன்மை செய்யும் பூசணம். கார்பண்டசிம் அதையும் அழித்துவிடும்.

நோயுற்ற கதிரை அகற்றுதல்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வயலில் முதல் இரண்டு மூன்று கதிர்களில் நோய் கண்டவுடன் அவற்றை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதிகாலையில் பனி ஈரம் இருக்கும் போதே இதைச் செய்ய வேண்டும். வெயில் ஏறி உலர்ந்த பின் கதிரை அசைத்தால் தூள் பறந்து வயல் முழுவதும் பரவும். ஒரு பையைக் கதிரின் மேல் மாட்டி, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காம்பை வெட்டுவது இன்னும் நல்லது. வெட்டிய கதிர்களை வரப்பில் போடக் கூடாது. எருக்குழியிலும் போடக் கூடாது. எரிக்க வேண்டும் அல்லது ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

முதல் கதிர் போய்விட்டால் பயிரே போய்விட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. ஆமணக்கு கிளைக்குக் கிளை கதிர் விடும் பயிர். நோயுற்ற கதிர்களை நீக்கி, மழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் இருக்கும் போது ஏக்கருக்கு 8 கிலோ யூரியாவை மேலுரமாக இட்டால், பக்கக் கிளைகளில் புதிய கதிர்கள் வரும். மழை விட்ட பின் வரும் இந்தக் கதிர்களில் நல்ல முத்து கிடைக்கும்.

மருந்து தெளிக்கும் முறை

சாம்பல் பூசணத்தில் மருந்தின் வெற்றி நாளைப் பொறுத்தது. கதிர் முழுவதும் பஞ்சு மூடிய பின் எந்த மருந்தும் அதை மீட்காது. பூக்கும் பருவத்தில் வானொலியிலோ கைப்பேசியிலோ வரும் வானிலை அறிவிப்பைக் கவனித்து வர வேண்டும். தொடர் மழை வரும் என்று தெரிந்தால், மழைக்கு முன் கிடைக்கும் வெயில் நாளில் தெளித்துவிட வேண்டும். தெளித்த பின் ஐந்தாறு மணி நேரமாவது மழை இல்லாமல் இருந்தால் மருந்து கதிரில் படிந்து நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு கார்பண்டசிம் 50 சத நனையும் தூள் 1 கிராம், அல்லது புரோபிகோனசோல் 25 சத திரவம் 1 மில்லி என்பது ஆமணக்குக்குச் சொல்லப்படும் அளவு. ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்து நீர் தெளிப்பதானால் முறையே 200 கிராம் அல்லது 200 மில்லி தேவைப்படும். வாங்கும் முன், அந்த மருந்து இப்போது இந்தப் பயிருக்கு அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதை வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆமணக்குக் காயின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து நீர் உருண்டு ஓடிவிடும். ஆகவே ஒட்டும் திரவம் சேர்க்க வேண்டும். இலையை நனைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. கதிரின் எல்லாப் பக்கமும் படும்படி தெளிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, காற்றடிக்கும் திசையில் நின்று, மாலையில் தெளிப்பது நல்லது.

மருந்துக்கு மசியாத பூசணம்

நாம் விதைக்காகக் கதிர் பொறுக்கும் போது என்ன செய்கிறோம்? வயலில் உள்ள கதிர்களில் நமக்கு வேண்டிய குணம் உள்ளவற்றை மட்டும் எடுத்து வைத்து, மறு வருடம் அதையே விதைக்கிறோம். சில வருடங்களில் வயல் முழுவதும் அந்தக் குணமே நிறைந்துவிடுகிறது. மருந்து தெளிக்கும் போதும் இதே வேலை நடக்கிறது. ஆனால் விதை பொறுக்குவது பூசணத்துக்காக.

கணக்குக்காக ஒரு வயலில் ஒரு லட்சம் பூசண வித்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு வித்து பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கக் கூடியது. மருந்து தெளித்தவுடன் மற்றவை எல்லாம் மடிகின்றன. நோய் நின்றுவிட்டது என்று நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்த ஒன்று தப்பிவிட்டது. இப்போது அதற்குப் போட்டியும் இல்லை. அது பெருகுகிறது. மறுபடியும் அதே மருந்தைத் தெளித்தால், அதன் வாரிசுகளைத் தவிர மற்றவற்றைக் களையெடுத்துக் கொடுத்தவர்கள் ஆகிறோம். மருந்து கெட்டுப்போகவில்லை. அந்த மருந்துக்கு மடியக் கூடிய பூசணம் வயலில் இல்லாமல் போய்விட்டது.

கார்பண்டசிம் போன்ற மருந்துகளில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது? இவை பூசணத்தின் உடலில் ஒரே ஓர் இடத்தைத் தாக்குபவை. பூசணத்தின் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு மெல்லிய இழைகள் தேவை. அந்த இழைகளைக் கட்டும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு மருந்து வேலையைத் தடுக்கிறது. பூட்டில் சாவி பொருந்துவது போல. பூட்டில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் சாவி நுழையாது. அப்படி மாறிய பூசணத்துக்கு மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினாலும் பயன் இல்லை. பொருந்தாத சாவியை எத்தனை பலமாகத் திருகினாலும் பூட்டு திறவாது அல்லவா?

மாறாக, திரம், காப்டான், மாங்கோசெப் போன்ற பழைய மருந்துகள் பூசணத்தைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குகின்றன. எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் மாற்றம் வருவது அரிது. அதனால்தான் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தியும் இவை பெரும்பாலும் வலுவிழக்கவில்லை. ஆனால் இவை கதிரின் மேலே படிந்து காப்பவை மட்டுமே. உள்ளே புகுந்துவிட்ட நோயைக் குணப்படுத்தாது.

பிற நாடுகளில் நடந்தது

ஆமணக்கைத் தாக்கும் பூசணத்துக்கு நெருங்கிய உறவான மற்றொரு சாம்பல் பூசணம் திராட்சை, ஸ்ட்ராபெரி, தக்காளி, ரோஜா முதலிய நூற்றுக்கணக்கான பயிர்களைத் தாக்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் பெனோமில் என்ற மருந்து வெளிவந்தது. கார்பண்டசிம் குடும்பத்தைச் சேர்ந்தது. தெளித்த இடமெல்லாம் அற்புதமான பலன். 1971-லேயே நெதர்லாந்து நாட்டில், கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த சைக்ளமன் என்ற பூச்செடியில், அந்த மருந்துக்கு மசியாத சாம்பல் பூசணம் கண்டறியப்பட்டது. பின்னர் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களிலும் அதே கதை.

1970-களின் நடுவில் ஐப்ரோடையோன், வின்குளோசோலின் என்ற வேறு குடும்பத்து மருந்துகளுக்கு மாறினார்கள். ஒவ்வொரு பருவத்திலும் அவற்றையே பலமுறை தெளித்தார்கள். சில ஆண்டுகளில் அவற்றையும் தாங்கும் பூசணம் தோன்றியது. 1987-ல் பிரான்சில், கார்பண்டசிம்முக்கு மசியாத பூசணத்தையே தேடிக் கொல்லும் டையீத்தோஃபென்கார்ப் என்ற மருந்தைக் கார்பண்டசிம்முடன் கலந்து தெளித்தார்கள். மிக நல்ல யோசனைதான். சில ஆண்டுகளுக்குள் இரண்டுக்கும் மசியாத பூசணம் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்ட்ராபெரி தோட்டங்களில் ஏழு குடும்பத்து மருந்துகளையும் தாங்கும் சாம்பல் பூசணம் இந்த நூற்றாண்டில் கண்டறியப்பட்டுள்ளது.

பூவும் திராட்சையும் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிலக்கடலை வயல்களில், டிக்கா என்று நாம் சொல்லும் இலைப்புள்ளி நோயின் பூசணம் பெனோமில் மருந்தைத் தாங்கிக்கொண்டது 1974-லேயே தெரிய வந்தது. நம் ஊரில் நிலக்கடலையும் ஆமணக்கும் ஒரே வயலில் நிற்கின்றன. டிக்காவுக்காகத் தெளிக்கும் கார்பண்டசிம் பக்கத்தில் நிற்கும் ஆமணக்குக் கதிர் மீதும் படுகிறது. ஆகவே நிலக்கடலைக்குத் தெளித்ததையும் ஆமணக்கின் கணக்கில் ஒரு முறையாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஐப்ரோடையோன் போன்ற மருந்துகளை நிறுத்தினால், அவற்றைத் தாங்கும் பூசணம் மெல்லக் குறைகிறது. கார்பண்டசிம்மைத் தாங்கும் பூசணமோ மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் வயலில் நிலைத்து நிற்கிறது. ஒருமுறை இழந்தால் மீட்பது கடினம்.

பெயர் மாறினால் மருந்து மாறுமா?

கடையில் ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் விற்கிறது. போன முறை நீலப் பொட்டலம், இந்த முறை சிவப்புப் பொட்டலம் என்பதால் மருந்தை மாற்றிவிட்டதாக ஆகாது. பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப் பெயரைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தயோபனேட் மீத்தைல் என்று எழுதியிருந்தாலும் அது கார்பண்டசிம்மின் உடன்பிறப்பே. செடிக்குள் சென்றதும் கார்பண்டசிம்மாகவே மாறிவிடுகிறது. கார்பண்டசிம் பலிக்காத இடத்தில் இதுவும் பலிக்காது. பெனோமில்லும் அப்படியே. அதன் பயன்பாடு நம் நாட்டில் 2018-ல் தடை செய்யப்பட்டது. கார்பண்டசிம்மும் மாங்கோசெப்பும் கலந்த பொடியும் கடையில் உண்டு. அதில் பாதுகாப்பு சற்று அதிகம் என்றாலும், அதையும் கார்பண்டசிம் தெளித்த ஒரு முறையாகவே எண்ண வேண்டும்.

மருந்துச் சுழற்சி

பயிர்ச் சுழற்சி போல மருந்துச் சுழற்சியும் தேவை. கீழ்க்கண்டவற்றை நினைவில் கொண்டால் போதும்.

1. ஒரு பருவத்தில் கார்பண்டசிம் குடும்பத்து மருந்தை ஒரு முறைக்கு மேல் தெளிக்காதீர்கள். நிலக்கடலைக்குத் தெளித்திருந்தால் ஆமணக்குக்கு வேறு மருந்தைப் பாருங்கள்.

2. முதல் தெளிப்பு கார்பண்டசிம் என்றால், தேவைப்பட்டால் 15 நாட்கள் கழித்து இரண்டாவது தெளிப்பு புரோபிகோனசோல் ஆக இருக்கட்டும். அதையும் தொடர்ந்து தெளிக்கக் கூடாது.

3. சொன்ன அளவுக்குக் கூட்டவும் வேண்டாம். சிக்கனம் என்று குறைக்கவும் வேண்டாம்.

4. வெயில் காய்ந்து கதிர் உலர்ந்திருக்கும் காலத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தெளிக்க வேண்டாம். தேவையில்லாத ஒவ்வொரு தெளிப்பும் பூசணத்துக்கு விதை பொறுக்கும் வேலைதான்.

5. தெளித்த நாள், மருந்தின் மூலப் பெயர், அளவு ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் அதுவே வழிகாட்டி.

6. பக்கத்து வயல்காரர்களுடனும் பேசிக்கொள்ளுங்கள். பூசண வித்துக்கு வரப்பு தெரியாது.

மருந்து பலிக்காவிட்டால்

மருந்து கேட்கவில்லை என்றால் உடனே பூசணம் பழகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. தெளித்த பின் மழை அடித்ததா? நோய் முற்றிய பின் தெளித்தோமா? தெளிப்பானின் மூக்கு அடைத்திருந்ததா? கதிரில் படாமல் இலையில் மட்டும் பட்டதா? காலாவதியான மருந்தா? இவற்றை முதலில் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், தெளித்த கதிருக்கும் தெளிக்காத கதிருக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் சந்தேகப்படலாம். அப்போது அந்த மருந்தை நிறுத்திவிட்டு, நோயுற்ற கதிர்களைக் காகிதப் பையில் சுற்றி அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டு சென்று காட்டலாம். இதுவரை தெளித்த மருந்துகளின் விவரத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

சிறு விவசாயிக்குக் கையில் உள்ள மருந்துகள் சிலவே. அவற்றில் விலை குறைந்தது வலுவிழந்தால், அடுத்தது விலை கூடியதாகவே இருக்கும். ஆகவே வரும் ஐப்பசிக்கு முன்பே வயலின் பழைய தட்டைகளை அப்புறப்படுத்தி, நோயுற்ற முதல் கதிரைக் காலை ஈரத்திலேயே வெட்டி எடுத்து, மழைக்கு முன் ஒரு முறை மாற்று மருந்தறிந்து தெளித்து, ஆமணக்கு விவசாயிகள் கதிரையும் மருந்தையும் ஒருங்கே காப்பாற்றிப் பயன் பெறலாம்.